விசுவாசமும் துரோகமும்: தேவசகாயர் வரலாற்றை முன்னிட்ட ஒரு சொல்லாராய்ச்சி

'விசுவாசம்' என்னும் சொல் தமிழில் இருவேறு துறைகளில் வழங்கி வருகின்றது. வேலையாள் ஆண்டையிடத்தும், படைவீரன் அரசனிடத்தும் கொள்ளும் பற்றுறுதி ஒன்று. சமயத்தார் இறைவனிடத்துக் கொள்ளும் நம்பிக்கை மற்றொன்று. நாய்க்கும் விசுவாசம் உண்டு என்கிறோம். கிறித்தவர் தம் சமயத்தையே விசுவாசம் என்கின்றனர். வடமொழியிற் பிறந்த இச்சொல்லைப் பாதிரிமார் சமயப் பொருளில் எடுத்தாண்டபொழுது, அதன் உலகியற் பொருள் அதனை விட்டு நீங்கவில்லை. இதற்கு மறுதலையாய சொல்லும் அவ்வாறே அமைந்தது. அரசனுக்குப் பிழைத்தவனும் துரோகி. வேதத்தைக் கைவிட்டவனும் விசுவாச துரோகி.

இஃது ஒரு சொல்விளையாட்டன்று. இவ்விரு பொருளும் ஒருவன் வாழ்விலே எதிரெதிர் நின்று மோதிய வரலாறு நாஞ்சில் நாட்டிலும் அதனைச் சூழ்ந்த பகுதியிலும் நிகழ்ந்துள்ளது. நட்டாலத்து நீலகண்டன், பின்னர்த் தேவசகாயம் எனப் பெயர் பெற்றவர், அவ்வரலாற்றுக்கு உரியவர். கிறித்தவத்தில் நிலைத்து நிற்றல், அதினின்று வழுவுதல் என்னும் இரண்டையும் தமிழ் எவ்வாறு கருதிற்று என்பதனை அவர் வரலாற்றினையும், அதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு பின்னெழுந்த இரட்சணிய யாத்திரிகத்தினையும் கொண்டு காண முயல்வேன்.

முதற்கண் சொற்கள். வழுவுதலைக் குறிக்கத் தமிழ்க் கிறித்தவர் பயிலும் சொற்களுள் மூன்று கருதத்தக்கன. ஒன்று மறுதலித்தல். பேதுரு தம் ஆசிரியரை அறியேன் என்று மும்முறை கூறியதற்கு இச்சொல்லே வழங்குகிறது. மறுதலை என்பது நம் உரையாசிரியர்கள் 'எதிரானது' என்னும் பொருளில் நெடுங்காலம் ஆண்ட சொல். ஆதலின் மறுதலித்தல் வாயினாற் செய்யும் குற்றம். இரண்டாவது விழுதல், இது தன் வலிமை குன்றி நேர்வது. மூன்றாவது பின்வாங்குதல். இது போர்க்களத்துச் சொல். எபிரெயருக்கு எழுதப்பெற்ற நிருபத்தின் 10ஆம் அதிகாரத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இதனை ஆண்டிருப்பது பெரிதும் பொருத்தமுடைத்து. புறத்திணை மரபில் வந்தவர்க்குப் புறங்கொடுத்தல் எத்துணை இழிவு என்பதனை விளக்க வேண்டா. மகன் புறமுதுகு காட்டி மாய்ந்தான் என்று பிறர் கூறக் கேட்ட முதியவள் களத்திற்கே சென்று பிணங்களைப் புரட்டித் தேடிய காட்சி புறநானூற்று 278ஆம் பாட்டில் உள்ளது. அவ்வுணர்ச்சி முழுவதும் பின்வாங்குதல் என்ற ஒரு சொல்லின் வழியே தமிழ்க் கிறித்தவத்துட் புகுந்துவிட்டது. கருத்து மாறுதல் என்ற அளவில் நில்லாமல், களத்தை விட்டோடுதல் என்ற மானக்கேடாக வழுவுதல் தமிழில் உணரப்படுவதற்கு இது ஒரு காரணம் என்று கருதுவேன்.

இனி வரலாறு. நீலகண்டன் 1712ஆம் ஆண்டு ஏப்பிரல் 23ஆம் நாள் நட்டாலத்தில் ஒரு நாயர் குடும்பத்திற் பிறந்தார். திருவிதாங்கூரை அப்பொழுது ஆண்டவர் வேணாட்டு மரபினர்; 1729இல் மார்த்தாண்ட வர்மர் அரசேற்றார். நீலகண்டன் பத்மநாபபுரத்தில் அரசுப்பணி ஏற்றவர். 1741இல் குளச்சற் போரில் ஒல்லாந்தர் தோற்றனர். அவருள் தலைமை பூண்ட தெலன்னோய் சிறைப்பட்டு, பின் அரசரின் நம்பிக்கைக்கு உரியவராகி, திருவிதாங்கூர்ப் படைக்குப் புதுமுறைப் பயிற்சி அளித்தார். உதயகிரிக் கோட்டைப் பணியில் இவ்விருவரும் பழகினர். இல்லத்தில் அடுத்தடுத்து நேர்ந்த இழப்புகளால் நீலகண்டன் மனமுடைந்திருந்த காலத்துத் தெலன்னோய் அவருக்கு யோபுவின் வரலாற்றைக் கூறினார் என்பது யாவரும் கூறுவது. செல்வம், மக்கள், உடல்நலம் அனைத்தையும் இழந்தும் இறைவனைப் பழியாத ஒருவன் கதை அது. நீலகண்டன் கேட்ட முதற் கிறித்தவக் கதை நிலைத்து நிற்றலைப் பற்றிய கதையாக இருந்தது என்பது குறிக்கத்தக்கது.

1745ஆம் ஆண்டு மே மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால், பாண்டிநாட்டு வடக்கன்குளத்தில், சேசு சபைப் பாதிரியார் புத்தாரி என்பவரிடம் அவர் திருமுழுக்குப் பெற்றார். இவரைத் தமிழ் மக்கள் பரஞ்சோதிநாதர் என்று அழைத்தனர். இலாசரு என்ற பெயர் இடப்பட்டது. கடவுள் துணைசெய்தார் என்னும் பொருளுடைய எபிரெயப் பெயரின் வழிவந்தது அது. அதன் பொருளைப் பெயர்த்தே தேவசகாயம் என்றனர். மேக்கோட்டுப் பார்கவி அம்மையாகிய அவர் மனைவி ஞானப்பூ ஆனார். பெயரை ஒலிபெயர்க்காது பொருள்பெயர்த்த இவ்வழக்கம் அக்காலத்துத் தமிழ்க் கத்தோலிக்கரின் நல்ல வழக்கங்களுள் ஒன்று.

1749ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் சிறைப்படுத்தப்பட்டார். 1752ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழிக்கு அருகில் காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்தார். இடைப்பட்டவை ஏறத்தாழ மூன்றாண்டுகள். இவ்வரலாற்றின் உயிர்நிலை அம்மூன்றாண்டுகளே ஆம்.

அரசர் அவரை ஏன் தண்டித்தார் என்பது பற்றி ஆராய்ச்சியாளரிடை உடன்பாடு இல்லை. சமய மாற்றமே காரணம் என்று கிறித்தவ மரபு கூறும். திருவிதாங்கூரில் சமயங் கருதி மரணதண்டனை விதிக்கும் வழக்கம் இருந்ததில்லை என்றும், அரசுப்பணியில் நேர்ந்த குற்றமே காரணமாகலாம் என்றும் வரலாற்றறிஞர் சிலர் கூறுவர். அவர் இறந்த ஐந்தாண்டுகட்குள், 1756இல், கொச்சி ஆயர் உரோமைக்கு அனுப்பிய அறிக்கையில் இவர் மரணம் வேதத்தின்பொருட்டு நேர்ந்ததாகவே குறிக்கப்பட்டது. இவ்வழக்கினை ஈண்டுத் தீர்க்கப் புகுவது என் கருத்தன்று. ஆயினும் ஒரு செய்தியை இருதிறத்தாரும் போதிய அளவு கருதினாரல்லர். 1750ஆம் ஆண்டு சனவரியில், தேவசகாயர் சிறையிலிருந்த காலத்திலேயே, மார்த்தாண்ட வர்மர் தம் நாடு முழுவதையும் திருவனந்தபுரத்துப் பத்மநாப சுவாமிக்கு உரிமையாக்கித் தாம் பத்மநாபதாசர் என்ற நிலையில் ஆட்சி செய்யத் தொடங்கினார். திருப்படித்தானம் என்பது அது. அந்நாள் தொட்டு அரசப்பணி என்பதே கோயிற்பணியாயிற்று; இராச விசுவாசமும் தெய்வ விசுவாசமும் ஒன்றாயின. அத்தகைய நாட்டில் அரசு ஊழியன் ஒருவன் வேறு தெய்வத்தைத் தலைவனாகக் கொள்ளுதல் சமயச் செயலா, அரசியற் செயலா என்று பிரித்தறிதல் இயலுமா? நம் காலத்துக்குரிய இப்பாகுபாட்டினை அக்காலத்தின்மேல் ஏற்றி வினவுவதாலேயே விடை கிட்டாது போயிற்று போலும்.

இன்னொரு காரணமும் உண்டு. தாழ்ந்தோர் என்று ஒதுக்கப்பட்டவரோடு அவர் ஒக்கப் பழகினார். உயர்குலத்தார் அதனைப் பொறுத்திலர். 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் உரோமையில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபொழுதும் இச்செய்தி சிறப்பாக எடுத்துக் கூறப்பட்டது.

அம்மூன்றாண்டுகளை மக்கள் மரபு எவ்வாறு நினைவிற் கொண்டது? எருமைமீது ஏற்றி எருக்க மாலை சூட்டி ஊர்தோறும் கொண்டு சென்றமை, அடித்த புண்ணில் மிளகாய்ப்பொடி இட்டமை, பெருவிளையில் வேப்பமரத்தோடு பிணித்தமை ஆகியன அந்நினைவுகள். புலியூர்க்குறிச்சியில் நீர்வேட்கையால் அவர் கைமுட்டினால் இடித்த பாறை ஊற்றெடுத்தது என்பர். அதன் பெயர் முட்டிடிச்சான் பாறை. காற்றாடிமலையில் அவர் வீழ்ந்த ஞான்று மணிபோல் ஒலித்த பாறை மணியடிச்சான் பாறை. இடித்தான், அடித்தான் என்பன இடிச்சான், அடிச்சான் என நின்ற இப்பெயர்கள் எழுதப் படிக்க வல்லார் இட்டவையல்ல. வழியிற் செல்லும் மக்கள் வாயிற் பிறந்தவை. அற்புதங்களை நம்புவதும் நம்பாததும் அவரவர் உள்ளத்தைப் பொறுத்தது. இலக்கிய மாணவர் நோக்க வேண்டியது பிறிதொன்று. மூன்றாண்டு காத்திருத்தல் என்பது கதையாகச் சொல்லுதற்கு அரியது. அதில் நிகழ்ச்சி இல்லை. ஒருநாள் வாளுக்கு இரையாதலைப் பாடுவது எளிது. ஒவ்வொரு காலையும், ஒரு சொல் சொன்னால் வீடு திரும்பலாம் என்ற நிலையில், அச்சொல்லைச் சொல்லாது இருந்தமையை எவ்வாறு பாடுவது? மக்கள் அக்காலத்தை இடங்களாக மாற்றினர். ஆண்டுகள் பாறையாயின, மரமாயின, வழியாயின. நட்டாலத்திலிருந்து காற்றாடிமலை வரை நடப்பவன் அம்மூன்றாண்டையும் நடந்துவிடுகிறான்.

வாசகப்பா என்னும் நாடகவகை இதற்கு ஏற்ற கருவியாயிற்று. பாட்டும் உரையும் விரவி, கத்தோலிக்கர் தம் விழா இரவுகளில் ஆடிவந்த கூத்து அது. தேவசகாயர் வரலாறு வாசகப்பாவாகவும் நாடகமாகவும் பாடப்பெற்றது. கடல் கடந்து ஈழத்துக் கத்தோலிக்கரின் கூத்து மேடையிலும் ஏறிற்று. மலையாளமும் தமிழும் கலந்து வழங்கிய எல்லைநாட்டில், நாயர் குடியிற் பிறந்தவருக்கு இலக்கியம் தமிழிலேயே பெருகிற்று என்பது நோக்கத்தக்கது. இந்நாடகங்களை நம் துறையினர் இலக்கியத் தகுதி குறைந்தன என்று ஒதுக்கிவிட்டது எனக்கு உடன்பாடன்று.

எனினும் ஒரு குறையை மறைக்கலாகாது. நாடகம் புறத்தையே காட்டும். அரசன் வினவுவான்; வீரன் மறுப்பான்; கொலைஞன் வருவான். எதிரி வெளியே நிற்கின்றான். அத்தகைய எதிரி ஒருவனையும் காணாமலேயே வழுவுகின்ற பெரும்பாலோரைப் பற்றி அது ஒன்றும் கூறுவதில்லை. அதற்கு நாம் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து திருநெல்வேலிக்குச் செல்லல் வேண்டும்.

கரையிருப்பில் 1827இல் வைணவக் குடும்பத்திற் பிறந்து, 1858இல் கிறித்தவராகி, 1900இல் மறைந்த எச். ஏ. கிருட்டிண பிள்ளை 1894இல் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்டார். 3,700க்கும் மேற்பட்ட பாடல்கள், ஐந்து பருவங்கள். ஆங்கிலேயராகிய சான் பனியன் 1678இல் வெளியிட்ட உரைநடை நூலைத் தழுவியது. பனியனும் 1660 முதல் பன்னிரண்டாண்டு சிறையிருந்தவர். அரசின் ஒப்புதலின்றிச் சமயவுரை ஆற்றேன் என்று உறுதி கூறியிருப்பின் வெளிவந்திருக்கலாம். கூறிற்றிலர். இவ்வகையில் அவர் தேவசகாயருக்கு ஓர் உறவினர் எனலாம்.

நிலைத்து நிற்றலைப் பனியன் நடத்தலாக மாற்றினார். நிற்பவன் நிற்பதில்லை, நடந்துகொண்டே இருக்கிறான், நின்றவனும் திரும்பியவனுமே வழுவியவர். புறப்பட்ட சின்னாளிலேயே உளைச்சேற்றில் அகப்பட்டு, தன் ஊருக்கு அண்மையிலுள்ள கரையில் ஏறி வீடு திரும்புகிறவனுக்குக் கிருட்டிண பிள்ளை மென்னெஞ்சன் என்று பெயரிட்டார். வாராதிருந்தவன் வன்னெஞ்சன். இவ்விரு பெயர்களின் பொருத்தம் பாராட்டற்குரியது. வன்மை தீது, மென்மை நன்று என்று எண்ணியிருக்கும் நமக்கு, எளிதில் இளகுவதும் ஒரு கேடு என்பது அப்பெயராலேயே விளங்குகிறது. மாயாபுரியிற் கொல்லப்படும் உண்மையாளனுக்கு அவர் விசுவாசி என்று பெயரிடாமல் நிதானி என்றார். விசுவாசம் என்ற சொல்லின் இரட்டைப் பொருளை நினைவிற் கொண்டார் இதன் நுட்பத்தை உணர்வர். நிதானம் ஆரவாரமற்றது, அளவறிந்தது, பதறாதது.

வழுவுதல் எவ்வாறு நிகழ்கின்றது என்பதனைப் பனியன் தம் நூலின் இறுதியை அடுத்து ஓர் உரையாடலில் படிப்படியாக விரித்துள்ளார். பயணத்தின் இடையில் திரும்பிச் சென்ற ஒருவனைப் பற்றிய பேச்சு அது. முதலில் இறைவனையும் இறப்பையும் பற்றிய நினைவை மனம் விலக்குகிறது. பின்னர்த் தனித்துச் செய்யும் வழிபாடு நின்றுவிடுகிறது. ஊக்கமுடையாரின் நட்பு கசக்கிறது. அதன்பின்னரே பொதுவழிபாட்டில் ஆர்வம் குன்றுகிறது. அடுத்தது மிகக் கூரிய நோக்கு: அவன் நல்லோரிடத்துக் குற்றம் தேடத் தொடங்குகிறான், தான் விலகுவதற்கு அவர் குறையைக் காரணமாகக் காட்டுதற்பொருட்டு. பிறகு தீயார் கூட்டம், மறைவான தீச்சொல், சிறு பாவங்களோடு வெளிப்படையான விளையாட்டு, இறுதியில் நெஞ்சு இறுகுதல். அரசன் இல்லை, சிறை இல்லை, கொலைஞன் இல்லை. கோயிலில் அவன் இடம் வெறுமையாவதற்கு நெடுநாள் முன்னரே அவன் போய்விட்டான். அவன் வீழ்ச்சிக்குக் கூறும் காரணங்களுள் அச்சம் மட்டுமே தூண்டிய பக்தி ஒன்று. சூடு தணிந்தால் அச்சமும் தணிகிறது, பக்தியும் தணிகிறது. பிறர் நகைப்பாரோ என்னும் நாணம் மற்றொன்று. தண்டனையின் அச்சத்தால் மட்டுமே சமயத்தைப் பற்றச் செய்வோர் இதனைக் கருதுவாராக.

இங்கே ஒரு சமயத் தத்துவ வினா எழுகின்றது. நிலைத்து நிற்பவன் தன் ஆற்றலால் நிற்கின்றானா, நிறுத்தப்படுகின்றானா? பனியன் சார்ந்த மரபினர், இறைவன் தெரிந்துகொண்டவன் இறுதிவரை காக்கப்படுவான் என்பர். கத்தோலிக்கர், இறுதிவரை நிலைத்தல் இறைவன் கொடை என்றும், ஒருவன் அதனைத் தனக்கு உறுதியென இறுமாத்தல் ஆகாது என்றும் கொள்வர். தமிழ்நாட்டு வைணவர்க்கு இவ்வினா புதிதன்று. தாயின் வயிற்றைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி போல்வது உயிர் என்பது வடகலையார் கூற்று; தாய் வாயாற் கவ்விச் செல்லும் பூனைக்குட்டி போல்வது என்பது தென்கலையார் கூற்று. பற்றியிருக்கும் குட்டி கைதளர்ந்தால் விழும். கவ்வப்பட்ட குட்டிக்கு விழுதல் என்பது இல்லை. வைணவ மரபில் வளர்ந்த கிருட்டிண பிள்ளை ஆங்கில நூலைத் தழுவுகையில் இவ்வழக்கினை அறியாதவராயிருத்தல் அரிது. யாத்திரிகத்தின் இடையிடையே இறைவனை நோக்கி உருகும் தேவாரப் பதிகங்களை அவர் அமைத்ததற்கு இதுவே காரணம் என்று எண்ணுகிறேன். நடப்பவன் தன் காலை நம்பி நடக்கவில்லை என்பதனைப் பாட்டாகவே காட்டுகிறார்.

விழுந்தவன் எழலாமா என்பது அடுத்த வினா. கி.பி. 250இல் உரோமப் பேரரசர் தெசியு, யாவரும் தெய்வங்கட்குப் பலியிட்டுச் சான்றுச்சீட்டுப் பெறுக என ஆணையிட்டார். கிறித்தவருட் பலர் பலியிட்டனர்; வேறு சிலர் பலியிடாமலே சீட்டை விலைக்கு வாங்கினர். துன்பம் தணிந்தபின் இவர்கள் திரும்பி வந்தனர். ஏற்கலாகாது என்றார் நொவாசியன். கார்த்தேசு நகர ஆயர் சிப்பிரியான், குற்றத்தின் அளவை ஆராய்ந்து நெடிய கழுவாய்க்குப்பின் ஏற்கலாம் என்றார். அவரே அக்கொடுமையின் முதற்கட்டத்தில் மறைந்திருந்தவர், 258இல் தலை கொடுத்தவர். தமிழிலக்கணம் பயின்றார்க்கு இது எளிதில் விளங்கும். வழாநிலை, வழு என்ற இரண்டோடு நம் இலக்கணநூலார் நிற்கவில்லை. வழுவமைதி என மூன்றாவது ஒன்றும் கண்டனர். ஆயின் வழுவமைதி என்பது வழுவே இல்லை என்பதன்று. வழுவெனக் கண்டு, காரணம் கண்டு, அமைத்துக்கொள்வது. சிப்பிரியான் செய்ததும் அத்தகையதே. மும்முறை மறுதலித்த பேதுருவே திருச்சபைக்குத் தலைவரானார் என்பதனை நொவாசியன் மறந்தார்.

இனி, நாடகமும் காப்பியமும் காட்டாத மற்றொரு வழுவுதல் உண்டு. அதற்குச் சான்று தேவசகாயர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளம். 1872இல் அங்கு எழுந்த கோயிலில் மக்கள் இருக்கும் பகுதி சாதிபற்றி இரு கவடாகப் பிரிக்கப்பட்டு இடையே சுவர் நின்றது. பீடம் ஒன்று, அதனை நோக்கி இருப்பார் இருதிறத்தார். ஒருவருக்கொருவர் முகம் தெரியாது. 1910இல் அச்சுவர் நீக்கப்பட்டது. நீக்கியது தவறு என்று உயர்சாதிக் கிறித்தவர் வழக்காடினர். சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்ற அவ்வழக்கில் அவர்கள் கோரிக்கை ஏற்கப்படவில்லை. இவர்களுள் ஒருவரும் மறுதலித்தாரல்லர். பின்வாங்கினாரல்லர். நாள்தோறும் கோயிலுக்கு வந்தனர், கோயிலில் தமக்குரிய இடத்திற்காகவே வழக்காடினர். பனியன் கூறிய படிகளுள் ஒன்றிலும் இவர்களை வைத்தல் இயலாது. ஆயினும் ஒக்கப் பழகியமையால் பகை தேடிக்கொண்ட ஒருவர் பெற்ற விசுவாசம் அச்சுவருக்கு இருபுறமும் இருந்ததா என்று வினவாமல் இருத்தல் முடியவில்லை. தமிழ்க் கிறித்தவ இலக்கிய வரலாறு எழுதுவோர் வழுவுதலைப் பற்றிப் பேசுகையில் வெளியேறியவரையே எண்ணுகின்றனர், உள்ளிருந்தோரை எண்ணுவதில்லை. புனிதர் பெயரினின்று 'பிள்ளை' என்னும் சாதிப்பெயர் நீக்கப்பட்டது. வாசகப்பா ஏடுகளிலும் பழைய பாடல்களிலும் அப்பெயர் இருத்தல் இயல்பு. பதிப்பிப்போர் அதனைத் திருத்தாது, குறிப்பு மட்டும் எழுதுதல் முறையாகும்.

இறுதியாக ஞானப்பூவைப் பற்றிச் சில சொற்கள். கணவர் இறந்தபின் அவர் வடக்கன்குளத்திற்கு வந்து வாழ்ந்து அங்கேயே மறைந்தார் என்பது மரபு. எவரும் அவரை எருமைமேல் ஏற்றவில்லை. அவர் பெயரால் ஒலிக்கும் பாறையும் இல்லை. திருமுழுக்குப் பதிவேடுகள் ஒருவர் நுழைந்த நாளைக் கூறும். அதன்பின் அவர் ஆண்டுதோறும் நிலைத்திருந்ததைப் பதியும் ஏடு யாண்டும் இல்லை. நிதானி என்னும் பெயருக்கு முழுதும் உரியவர் இவ்வம்மையார் என்பேன். நாஞ்சில் நாட்டுப் பெண்டிரிடையே இவர் குறித்து வழங்கும் வாய்மொழிச் செய்திகளைத் திரட்டும் பணியை நம் மாணவருள் எவரேனும் மேற்கொள்ளல் வேண்டும்.